ஃபங்கஸ் பிடித்த லென்ஸை என் தலையில் கட்டினார்கள்: சென்னையில் பழைய லென்ஸ் வாங்கப் போகிறவர்களுக்கு

இந்த வாரம் யாராவது செகண்ட் ஹேண்ட் லென்ஸ் வாங்கக் கடைக்குப் போவதாக இருந்தால், இதைப் படித்துவிட்டுப் போங்கள். 62,000 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய 70-200 லென்ஸ் (தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் ஜூம் லென்ஸ்), உள்ளே ஃபங்கஸ், அதாவது பூஞ்சை, பிடித்து இப்போது ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் சும்மா கிடக்கிறது. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. பெயரைவிட அவர்கள் ஏமாற்றிய விதம்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும். அதே விதத்தில் வேறு எந்தக் கடையிலும் செய்ய முடியும்.

நான் பாளையங்கோட்டைக்காரன். முந்தின வருஷம் ஆவணியில் சென்னைக்கு வந்தேன். ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வேலை, திருவல்லிக்கேணியில் இரண்டாவது மாடியில் ஒரு அறை. முகூர்த்த நாட்களில் சோறும் இருக்காது, தூக்கமும் இருக்காது. முகூர்த்தம் இல்லாத நாட்களில் கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன். புது ஊர் எனக்குப் பிடிபட்டதே அப்படித்தான். பார்த்தசாரதி கோயில் குளத்தில் காலை வெயில் எந்தப் படியில் முதலில் விழும், தங்கசாலைத் தெருவில் பால் காய்ச்சும் கடாயின் ஆவி எத்தனை மணிக்கு நன்றாக எழும், பாரிமுனை ஆர்மீனியன் தேவாலயத்தின் முற்றத்தில் கல்லறைப் பலகைகள் மேல் மர நிழல் எப்போது நகரும் என்றெல்லாம் நடந்து நடந்துதான் தெரிந்துகொண்டேன். கையில் ஒரே ஒரு 50 எம்எம் லென்ஸ், ஜூம் இல்லாதது. அது போதும் என்றுதான் இருந்தேன்.

பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்து மூவர் அன்று அது போதவில்லை. மாட வீதியில் அவ்வளவு கூட்டம். பல்லக்குகள் வரிசையாக வருகின்றன, என்னால் நாலடி முன்னே நகர முடியவில்லை. எட்ட நின்று எடுக்க ஒரு நீள லென்ஸ் வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். புதிதாக வாங்க வசதியில்லை. மூன்று மாதம் சேர்த்த பணத்தோடு ஜூன் மாதம் ஒரு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் என் பேச்சைக் கேட்டதும், "எந்த ஊரு தம்பி? தெக்கத்திப் பேச்சுல்ல?" என்றார். பாளையங்கோட்டை என்றேன். தனக்குக் கோவில்பட்டிப் பக்கம் என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். "நம்ம ஊர்ப் புள்ளைக்கு மட்டமான பொருளைக் கொடுப்பேனா?" என்றார். வந்து பத்து மாதத்தில் இந்த நகரத்தில் ஒருவர் என்னிடம் இப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அண்ணாச்சி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். அவருக்குத் தேவையானது அதுதான் என்று இப்போது தெரிகிறது.

இனி கவனமாகப் படியுங்கள். லென்ஸை அவர் என் கையில் தனியாகக் கொடுக்கவே இல்லை. கடையின் கேமரா பாடியில் மாட்டி, முன்னால் யூவி ஃபில்டர் என்ற பாதுகாப்புக் கண்ணாடியும், பக்க வெளிச்சத்தை மறைக்கும் ஹூடும் போட்டுத்தான் கொடுத்தார். அபர்ச்சர், அதாவது லென்ஸுக்குள் வெளிச்சம் போகும் துவாரம், எஃப் 8-க்குச் சுருங்கி இருந்தது. எதிரே டியூப்லைட் வெளிச்சத்தில் அலமாரி, அதில் வரிசையாகப் பெட்டிகள். "அந்த எழுத்தை எடுத்துப் பாருங்க, எவ்வளவு ஷார்ப்புன்னு." எடுத்தேன். எழுத்து கத்தி மாதிரி இருந்தது. என் பாடியிலும் மாட்டித் தரச் சொன்னேன். அவரே மாட்டினார், அதே எஃப் 8 வைத்தார். மறுபடியும் கத்தி.

உள்ளே இருக்கும் கண்ணாடியின் ஓரத்தில் ஃபங்கஸ் இருந்தால் எஃப் 8-இல் பெரும்பாலும் தெரியாது. அபர்ச்சரைச் சுருக்கும்போது ஓரம் வழியாக வரும் வெளிச்சம் வெட்டுப்பட்டு நடுப்பகுதி மட்டும்தான் படத்துக்கு வேலை செய்யும். அதோடு, வெளிச்சம் நமக்குப் பின்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ வரும்போது லேசான ஃபங்கஸ் படத்தைக் கெடுப்பது கண்ணுக்குப் படாது. வெளிச்சம் எதிரிலிருந்து லென்ஸுக்குள் நேராக அடிக்கும்போதுதான் ஒளி சிதறிப் படம் வெளுக்கும். கடைக்குள் எதிர்வெளிச்சமே கிடையாது. அவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை.

பணத்தில் 40,000 யுபிஐயில் போட்டேன். கடை பெயருக்குப் போகவில்லை, யாரோ ஒருவரின் சொந்தக் கணக்குக்குப் போனது. மீதி ரொக்கம். பில் கேட்டபோது, ஜிஎஸ்டி போட்டால் விலை ஏறும் என்று சொல்லி 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டில் '70-200 யூஸ்டு' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். சீரியல் நம்பர் இல்லை. திரும்பக் கொடுப்பது பற்றி ஒரு வரி இல்லை. நானும் மடித்துப் பர்ஸில் வைத்தேன்.

அடுத்த வாரம் இரண்டு ரிசப்ஷன். அபர்ச்சரை எஃப் 2.8-க்கு அகலமாகத் திறந்து மேடையை எடுத்தபோது விளக்குகளைச் சுற்றி ஒரு வெளுப்பு தெரிந்தது. மேடையில் புகை மெஷின் வேறு ஓடிக்கொண்டிருந்தது. புகைதான் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

ஒன்பதாவது நாள் காசிமேடு போனேன். ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த வாரம். இந்த மாதிரிக் காலைகளுக்காகவும்தான் அந்த லென்ஸை வாங்கினேன். விடிவதற்கு முன்பே துறைமுகத்தில் கால் வைக்க இடமில்லை. ஐஸ் உடைக்கும் சத்தம், ஏலம் கூவும் சத்தம், கூடையோடு நெருக்கும் அம்மாக்கள். ஐந்தே முக்கால் வாக்கில் சூரியன் கடல் மேல் வந்தது, அதற்கு நேர் கீழே ஒரு படகு உள்ளே வருகிறது, முன்முனையில் ஒருவர் கயிற்றைச் சுருட்டிப் பிடித்தபடி நிற்கிறார். அப்படி ஒரு காட்சி வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோதான் கிடைக்கும். பத்துப் பதினைந்து படம் தொடர்ந்து எடுத்தேன்.

திரையைப் பார்த்தால் படத்தின் மேல் பாலை ஊற்றின மாதிரி இருந்தது. கறுப்பாக விழ வேண்டிய படகின் உடல் சாம்பலாக இருக்கிறது. கயிறு வெளுப்பில் கரைந்துவிட்டது. ஃபில்டரைக் கழற்றி எடுத்தேன், அதேதான். 50 எம்எம்மை மாட்டி அதே திசையில் எடுத்தேன், கறுப்பு கறுப்பாக விழுந்தது. அதற்குள் படகு கரைக்கு வந்துவிட்டது.

வெளியே ஒரு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து லென்ஸைக் கழற்றினேன். பின்பக்கத்திலிருந்து போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்பக்கமாகப் பார்த்தேன். நேராகப் பார்த்தால் ஒன்றுமில்லை. கொஞ்சம் திருப்பினேன். முன்னாலிருந்து இரண்டாவதோ மூன்றாவதோ கண்ணாடியின் ஓரத்தில், கடிகாரத்தில் ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் நடுவில், முளைவிட்ட பயறின் வேர் மாதிரி வெள்ளை நூல்கள். ஒவ்வொரு நூலிலிருந்தும் இன்னும் மெல்லிய நூல்கள் பிரிந்து நடுவை நோக்கி வளர்ந்திருந்தன. அவற்றைச் சுற்றி மூச்சு விட்ட கண்ணாடி மாதிரி ஒரு மங்கல். கை நடுங்கிவிட்டது. டீ ஆறியதுகூடத் தெரியவில்லை.

அன்றைக்கே கடைக்குப் போனேன். முதலில், "சென்னைக் காத்து அப்படி தம்பி, கடலோரம் கொண்டு போனா பிடிக்கத்தான் செய்யும்" என்றார். ஒன்பது நாளில் இவ்வளவு வளருமா என்றேன். ஃபங்கஸ் இந்த அளவுக்கு வேர்விட ஈரத்தில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அடைந்து கிடக்க வேண்டும். நான் வாங்கியது ஜூன் வெயிலில், ஐப்பசி கார்த்திகை மழையில் அல்ல. அப்புறம் பேச்சு மாறியது: "ஆறாயிரம் கொடுங்க, வச்சிட்டுப் போங்க, கிளீன் பண்ணித் தர்றேன்." நான் மறுத்ததும், "இது நான் வித்த லென்ஸ்தானான்னு எனக்கு எப்படித் தெரியும்? சீட்டுல நம்பர் இருக்கா?" என்றார். தம்பி போய் 'சார்' ஆகிவிட்டேன். நான் அண்ணாச்சி என்று கூப்பிட்ட மனிதர் என் முகத்தைப் பார்க்காமல் அடுத்த ஆளிடம் விலை சொல்ல ஆரம்பித்தார்.

என்னைக் காப்பாற்றியது ஒரு போன் படம். வாங்கின சந்தோஷத்தில் அந்தக் கடை மேசை மேலேயே லென்ஸை வைத்து ஒரு படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பியிருந்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் கேமராவில் மாட்டும் மவுண்ட் பக்கம் பொறித்த சீரியல் நம்பர் படிக்க முடிகிறது, பின்னால் கடையின் அலமாரி தெரிகிறது, தேதியும் நேரமும் இருக்கிறது.

லென்ஸைக் கடையில் விட்டுவிடாதே என்று கூட வேலை செய்யும் அண்ணன் ஒருவர் பிடிவாதமாகச் சொன்னார். அவர் சொன்னது சரிதான். அவர்கள் துடைத்துவிட்டால் கையில் இருக்கும் சாட்சியும் போய்விடும். டார்ச் வெளிச்சத்தில் ஃபங்கஸைப் பல கோணத்தில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, லென்ஸ் பழுது பார்க்கும் அனுபவசாலி மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனோம். முன் வளையத்தைக் கழற்றும் முன்பே அவர் திருகுகளைக் காட்டினார். தலைகள் தேய்ந்திருந்தன, ஏற்கெனவே யாரோ திறந்திருக்கிறார்கள். உள்ளே ஃபங்கஸ் இருந்த இடத்தில் கண்ணாடி மேல் பூசியிருக்கும் கோட்டிங் திட்டுத் திட்டாகப் போயிருந்தது. முன்பே ஒரு முறை துடைத்து விற்பனைக்கு வைத்திருக்கிறார்கள், வேர் மிச்சமிருந்து திரும்ப வளர்ந்திருக்கிறது என்றார். ஃபங்கஸ் விடும் அமிலம் கோட்டிங்கை அரித்துவிட்டால், என்ன துடைத்தாலும் அந்த இடம் பழைய நிலைக்கு வராது. இதையெல்லாம் ஜாப் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். அதற்கு 500 ரூபாய்தான் வாங்கினார். அந்த மனிதருக்கு என் நன்றி.

இனி, வாங்குவதற்கு முன் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். லென்ஸைப் பாடியிலிருந்து கழற்றித் தரச் சொல்லுங்கள். ஃபில்டர் இருந்தால் அதையும். கேனான் இஎஃப் வகையில் கழற்றியதுமே அபர்ச்சர் திறந்துதான் இருக்கும். நிக்கானின் பழைய லென்ஸ்களில் மூடிக்கொள்ளும், பின்னால் இருக்கும் சின்ன நெம்புகோலை விரலால் தள்ளிப் பிடித்துத் திறக்க வேண்டும். பின்னாலிருந்து டார்ச் அடித்து, லென்ஸைச் சாய்த்துச் சாய்த்து ஓரம் முழுக்க ஒரு சுற்றுப் பாருங்கள். ஜூம் இரண்டு முனையிலும் வைத்துப் பாருங்கள். நாலு தூசி தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது எல்லா லென்ஸிலும் இருக்கும். நூல், வேர், மூடுபனி இவைதான் ஆகாது. பிறகு கடைக்கு வெளியே வந்து, அபர்ச்சரை முழுதாகத் திறந்து, சூரியனை ஃபிரேமுக்குச் சற்று வெளியே வைத்து எதிர்வெளிச்சத்தில் ஒரு படம் எடுங்கள். வெளியே கொண்டுபோக விடமாட்டேன் என்றால் அங்கே வாங்காதீர்கள். சீரியல் நம்பரோடு, கடை பெயர் போட்ட பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். நம்ம ஊர், நம்ம ஆள் என்று யார் சொன்னாலும் இதைச் செய்யுங்கள்.

ஏமாந்தவர்கள் போனது போகட்டும் என்று விட்டுவிடாதீர்கள். நானும் ஒரு வாரம் அப்படித்தான் இருந்தேன். நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழிலேயே பேசலாம். அவர்கள் பதிவு செய்து கடைக்கு அனுப்பினார்கள், கடையிலிருந்து பதில் வரவில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுப்பதற்குப் பில்லில் காலம் எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாளுக்குள் எடுத்துக்கொள்ள மறுப்பது முறையற்ற வணிகம். வெறும் துண்டுச் சீட்டு என்று நான் நொந்துகொண்டிருந்தேன். அதில் திரும்பக் கொடுப்பது பற்றி ஒரு வரியும் இல்லாதது எனக்குச் சாதகமாக வந்தது. பதிவுத் தபாலில் கடைக்கு ஒரு கடிதம் போட்டுவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்தேன். ஐந்து லட்சம் வரை மதிப்புள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். சீட்டு, யுபிஐ ரசீது, அக்காவுக்கு அனுப்பின படம், மெக்கானிக்கின் ஜாப் ஷீட், காசிமேட்டில் அடுத்தடுத்து இரண்டு லென்ஸில் எடுத்த படங்கள், எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். மனு நிலுவையில் இருக்கிறது. என்ன ஆனாலும் இங்கேயே எழுதுகிறேன்.

அந்த லென்ஸைச் சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளோடு தனி டப்பாவில் வைத்திருக்கிறேன், மற்ற பொருட்களோடு சேர்ப்பதில்லை. நீலமாக இருக்கும் ஜெல் ரோஸ் நிறமானதும் மாற்றுகிறேன். தீர்ப்பு வரும்வரை அதன் நிலைமை மாறக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் 50 எம்எம்மோடு காசிமேடு போய்க்கொண்டுதான் இருக்கிறேன். ஒன்பது மணிக்கெல்லாம் வேலை முடிந்துவிடும். சென்னையில் யாராவது பழைய லென்ஸ் பார்க்கப் போவதாக இருந்தால், முக்கியமாக வெளியூரிலிருந்து புதிதாக வந்தவர்கள், ஒரு செய்தி அனுப்புங்கள். டார்ச்சோடு கூட வருகிறேன்.