எடுப்புப் பல்லுக்கு கிளிப் போடணுமா? ராம்நாட்ல நாங்க போற கிளினிக் பத்தி

மண்டபம், உச்சிப்புளி, பாம்பன் பக்கம் இருக்கவங்க பிள்ளைகளுக்கு கிளிப் போட மதுரைக்குத்தான் போகணும்னு நினைப்பாங்க. அவ்ளோ தூரம் அலைய வேணாம், ராம்நாட் டவுன்லயே அருமையா பாக்குறாங்க. என் மகனுக்கு 12 வயசு, மேல்பல்லு நல்லா எடுப்பா இருக்கும், ஸ்கூல்ல கிண்டல் பண்றானுங்கன்னு போட்டோவுக்கு நிக்கவே மாட்டான்.

முன்னாடி வேற ஒரு எடத்துல காட்டுனோம். டார்ச் அடிச்சு பாத்துட்டு, மேல ரெண்டு பல்ல புடுங்கி கம்பி போட்டா உள்ள போயிரும்னு அப்பவே சொல்லிட்டாங்க, ஒரு எக்ஸ்ரே கூட இல்ல. நல்லா இருக்க பல்ல ஏன் புடுங்கணும்னு எனக்கு மனசே ஒப்பல.

இங்க டாக்டரம்மா முதல்ல லேட்டரல் செஃப் எடுத்துட்டு வாங்கம்மா, அத பாக்காம நான் எதுவும் சொல்ல மாட்டேன்னுட்டாங்க. தலைய பக்கவாட்டுல எடுக்குற எக்ஸ்ரே அது. ரெண்டு காதுலயும் சின்ன குச்சி மாதிரி ஒண்ண வச்சு தலைய அசையாம நிறுத்தி, பின்பல்ல கடிச்சுக்கிட்டு உதட்ட லேசா விடச் சொல்லி எடுக்குறாங்க. எக்ஸ்ரே குழாய்க்கும் தலைக்கும் நடுவுல 5 அடி தூரம்னு கணக்கு வச்சிருக்காங்க, அது மாறாம இருந்தாத்தான் இன்னைக்கு எடுத்ததையும் ரெண்டு வருஷம் கழிச்சு எடுக்குறதையும் ஒப்பிட முடியுமாம். 1931லயே வந்த முறைன்னு சொன்னாங்க, அப்ப இத்தன வருஷம் கழிச்சும் இது இல்லாம கம்பி போடுறது என்ன நியாயம்?

அடுத்து அவங்க செஞ்சதுதான் எனக்கு ரொம்ப புடிச்சது. படத்த லைட் பொட்டில மாட்டி மேல ட்ரேசிங் தாள் ஒட்டி பென்சில்ல வரைஞ்சாங்க, மூளைக்கு அடியில பிட்யூட்டரி சுரப்பி உக்காந்திருக்க குழி நடுவுல ஒரு புள்ளி, மூக்குத்தண்டு நெத்தி எலும்போட சேர்ற எடத்துல ஒண்ணு, மேல்தாடைல ஒண்ணு, கீழ்தாடைல ஒண்ணு. கோடு இழுத்து பாகைமானி வச்சு அளந்து என்னையும் பாக்கச் சொன்னாங்க. மேல்தாடை கோணம் சராசரி 82, இவனுக்கு 81, அதுல கோளாறே இல்ல. கீழ்தாடை 80 இருக்கணும், இவனுக்கு 75. ரெண்டுக்கும் வித்தியாசம் 2 இருக்க வேண்டியது 6 இருக்கு. அதாவது மேல்பல்லு மட்டும் பிரச்சனை இல்லம்மா, கீழ்தாடைதான் பின்தங்கி நிக்குதுன்னாங்க. அந்த ரெண்டு பல்ல புடுங்கிருந்தா நல்லா இருக்க மேல்தாடைக்குல்ல வைத்தியம் பாத்திருப்போம், நினைச்சா இப்பவும் பதறுது.

அதே படத்துல கழுத்தெலும்பு வடிவத்த காட்டி வளர்ச்சி வேகமா வர்ற நேரம் இதுதான், இப்ப ட்வின் பிளாக்னு மேல் பல்லுக்கும் கீழ் பல்லுக்கும் தனித்தனியா கழட்டி மாட்டுற பிளேட்ட மாட்டுனா கீழ்தாடைய முன்னால கொண்டு வரலாம், இந்த வயச விட்டா கஷ்டம்னு சொன்னாங்க. ட்வின் பிளாக் கீழ் முன்பல்ல கொஞ்சம் வெளிய தள்ளுமாம், அதனால அந்த சாய்வையும் அளந்து பாத்தாங்க, சராசரி 90க்கு இவனுக்கு 94, நம்ம ஊர் ஆளுகளுக்கு பல்லு இயல்பாவே கொஞ்சம் முன்னால இருக்கும், அமெரிக்காக்காரங்கள அளந்து போட்ட கணக்க அப்படியே புடிச்சுக்கிட்டு நிக்க கூடாதுன்னு விளக்குனாங்க. மனை அளக்காம அஸ்திவாரம் போடுவோமா, பிள்ளை முகத்துக்கு மட்டும் ஏன் அளக்காம போடணும்?

குறைன்னா எக்ஸ்ரே மெஷின் அங்க கிடையாது, வெளிய ஸ்கேன் சென்டருக்கு போகணும். நாங்க போன சென்டர்ல பல்ல கடிக்க வைக்காமயே எடுத்துட்டாங்க, வாய் லேசா தொறந்திருக்கு, இத வச்சு அளந்தா கீழ்தாடை கணக்கு தப்பா வரும்னு டாக்டரம்மா திருப்பி அனுப்பிட்டாங்க, மறுபடி எடுக்க வேண்டியதா போச்சு. எடுக்கும்போதே பக்கத்துல நின்னு பிள்ளை கடிச்சிருக்கானான்னு கேட்டுக்கங்க. சனிக்கிழமை கூட்டம் தாங்காது, போன் பண்ணிட்டு போங்க.

வீட்டுக்காரர் போட்டுல போறவர், ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், அப்ப கையில காசு ஓடாதுன்னு சொன்னதும் தவணைய அதுக்கு தக்கன மாத்தி குடுத்தாங்க. இப்ப ட்வின் பிளாக் போட்டுட்டு இருக்கான், முதல் வாரம் பேச்சு குழறுச்சு, சாப்பிட கஷ்டப்பட்டான், இப்ப பழகிட்டான். கம்பி அப்புறம்தான்.

5க்கு 4 குடுக்குறேன், அந்த 1 எக்ஸ்ரே அலைச்சலுக்கு. எக்ஸ்ரே கவர மட்டும் தூக்கி போட்டுறாதீங்க, முடியும்போது இன்னொண்ணு எடுத்து ரெண்டு படத்தையும் மேல மேல வச்சு எவ்ளோ மாறிருக்குன்னு பாப்பாங்க.