வேளாண் பாடம் நடத்த எந்த வழி? கிள்ளிகுளமா, நாகர்கோவிலா?

குமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு வேளாண்மையும் இயற்கை வளமும் கற்பிக்க ஆசைப்படுபவர்கள் முன்னால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தூத்துக்குடி மாவட்டத்துக் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் 4 ஆண்டு பி.எஸ்சி. வேளாண்மை. மற்றொன்று, நாகர்கோவிலிலேயே 3 ஆண்டு தாவரவியல், பிறகு 2 ஆண்டு பி.எட்.

முதல் வழியில் கை பழகும். மண் பரிசோதனை, பூச்சி மேலாண்மை, ஒட்டுக்கட்டுதல் எல்லாம் வயலில் இறங்கித்தான் படிக்க வேண்டும். கிராமத்தில் தங்கி விவசாயிகளோடு வேலை செய்யும் பருவமும் உண்டு. தண்டில் பட்டையைக் கீறி, மொட்டைச் செருகி, நாடா சுற்றிக் கட்டியவர் ரப்பர் நாற்றைப் பற்றிப் பேசினால் மாணவர் கண் விரியும். குமரியின் இரு நெல் பருவங்களான கன்னிப்பூவுக்கும் கும்பப்பூவுக்கும் நெல் ரகம் ஏன் மாறுகிறது என்பதையும் அவரால் விளக்க முடியும். ஆனால் 40 பேர் உள்ள வகுப்பைக் கட்டியாளும் கலையை அந்தப் படிப்பு சொல்லித் தராது.

அதைத் தருவது பி.எட். 20 வாரம் பள்ளியிலேயே பயிற்சி. அரசுப் பள்ளி ஆசிரியர் பணிக்கும் நேரான பாதை. மேல்நிலை வகுப்புக்கு மட்டும் முதுகலையும் வேண்டும். வீட்டிலிருந்தே போய்வரலாம், செலவு குறையும்.

இடம் கிடைத்தால் கிள்ளிகுளம் என்பேன். தாவரவியல் எடுப்பவர்கள் விடுமுறையில் திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தையும் பேச்சிப்பாறை தோட்டக்கலை நிலையத்தையும் அனுமதி கேட்டுப் பார்த்து வாருங்கள். 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி பெற்ற சுசீந்திரம் தேரூர் குளங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன, அங்கும் போங்கள்.