சிதைந்து வரும் சீன, ஜப்பானிய, கொரிய அஞ்சல்கள்: எழுத்துருவா, கைத்திருத்தமா, நிரந்தர விதியா?

ஜப்பான், கொரியா, சீனா மூன்றிலிருந்தும் விலைப்புள்ளிகளும் வரைபடக் குறிப்புகளும் வந்து குவியும் கொள்முதல் பிரிவில் வேலை பார்க்கிறேன். எழுத்து சிதைந்த அஞ்சலைச் சரிசெய்ய எங்கள் அலுவலகத்தில் ஆளுக்கொரு வழி வைத்திருக்கிறார்கள். நான் தண்டர்பேர்ட் என்னும் அஞ்சல் நிரலிலிருந்து, கட்டளைத் திரையில் வெறும் எழுத்தாக ஓடும் மட் என்னும் அஞ்சல் நிரலுக்கு மாறியவன். என் சாய்வு அந்தப் பக்கம்தான். அதை மனத்தில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

முதலில் நோய் எது என்று பார்க்க வேண்டும். பெட்டி பெட்டியாகத் தெரிந்தால் எழுத்துரு இல்லை. தலையில் புள்ளியும் கோடும் போட்ட ஐரோப்பிய எழுத்துகள் வரிசைகட்டி நின்றால் குறியாக்கம், அதாவது எழுத்துகளைக் கணினி எண்களாக வைக்கும் முறை, தவறாகப் படிக்கப்பட்டிருக்கிறது. வெறும் கேள்விக்குறிகளாக இருந்தால் எழுத்து வழியிலேயே தொலைந்துவிட்டது. மறுபடி அனுப்பச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை.

எழுத்து சிதைந்தாலே நம்மவர்களின் கை எழுத்துருவைத் தேடிப் போகும். அதற்குக் காரணம் இருக்கிறது. திஸ்கி, டாப், டாம் என்று பல குறியாக்கங்களில் தமிழ் எழுதிய காலத்தில், உரிய எழுத்துருவை நிறுவித் தேர்ந்தெடுத்தால் குப்பையாகத் தெரிந்தது தமிழாகிவிடும். எழுத்துருவும் குறியாக்கமும் அங்கே ஒட்டிப் பிறந்தவை. கிழக்காசிய மொழிகளின் பழைய குறியாக்கங்களில் ஓர் எழுத்துக்குப் பெரும்பாலும் இரண்டு பைட். எந்தப் பைட் எதனோடு சேர்கிறது என்று நிரல் முதலில் புரிந்துகொண்டால்தான் எழுத்துருவுக்கே வேலை வரும். ஆகவே அடோபியும் கூகுளும் சேர்ந்து 2014இல் வெளியிட்ட நோட்டோ சிஜேகே (சீன, ஜப்பானிய, கொரிய) எழுத்துருவை ஒருமுறை நிறுவிவிட்டு அந்தப் பேச்சை முடித்துவிடலாம். 65,535 வடிவங்கள், அதாவது ஓர் எழுத்துருவுக்குள் அடங்கக்கூடிய உச்சம், அதில் இருக்கின்றன. ஒரே ஒரு எச்சரிக்கை: யூனிகோடில் சீனத்துக்கும் ஜப்பானியத்துக்கும் பொதுவான எழுத்துகள் ஒரே எண்ணில் இருப்பதால், எந்த மொழியின் வடிவம் முதலில் என்ற முன்னுரிமையைச் சரியாக வைக்காவிட்டால் ஜப்பானிய அஞ்சல் சீன வடிவில் தெரியும். படிக்க முடியும், ஜப்பானியர் பார்த்தால் முகம் சுளிப்பார்.

அடுத்தது கைத்திருத்தம். பழைய வகை அவுட்லுக்கில் அஞ்சலைத் திறந்து, செயல்கள் பட்டியலுக்குள் புகுந்து, குறியாக்கத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம். தண்டர்பேர்டின் இப்போதைய பதிப்புகளில் அந்த நீண்ட பட்டியல் போய், 'குறியாக்கத்தைச் சரிசெய்' என்ற ஒற்றைக் கட்டளைதான் இருக்கிறது. அதை அழுத்தினால் நிரலே ஊகிக்கிறது. நீளமான கடிதம் என்றால் ஊகம் நன்றாகவே அமைகிறது. 'பெற்றுக்கொண்டோம், நன்றி' என்ற அளவுக்கு இரண்டு வரி மட்டும் இருந்தால் ஊகிக்க ஆதாரம் போதாது, ஜப்பானியம் சீனமாகிவிடும். ஜிமெயிலை உலாவியில் பார்ப்பவர்கள் மூல அஞ்சலைத் தரவிறக்கி, தனிக் கருவியில் மாற்றிப் படிக்கிறார்கள். எப்போதாவது ஓர் அஞ்சல் என்றால் இந்த வழிகள் தாராளமாகப் போதும்.

எப்போதாவது என்பது வாரந்தோறும் ஆகும்போதுதான் சிக்கல். இதில் நான் எடைபோடும் விஷயம் ஒன்றே: இன்று செய்த திருத்தம் அடுத்த அஞ்சலுக்கும், பதிலுக்கும், அடுத்த ஆண்டுத் தேடலுக்கும் நிற்குமா?

பதிலை எடுத்துக்கொள்ளுங்கள். சீனாவிலிருந்து ஜிபிகே குறியாக்கத்தில் வந்த அஞ்சலை யாரோ ஒருவருடைய நிரல் யூடிஎஃப்-8 (யூனிகோடின் இன்றைய பொதுக் குறியாக்கம்) என்று நினைத்துத் திறக்கிறது. பொருந்தாத பைட்டுகளை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டு, அந்த இடங்களில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி போட்ட மாற்றுக்குறியை வைக்கிறது. அவர் கவனிக்காமல் 'பதிலளி' அழுத்துகிறார். மேற்கோளாகப் போவது அந்த மாற்றுக்குறிகள்தான். அது யூடிஎஃப்-8இல் மூன்று பைட். அடுத்தடுத்து இரண்டு வந்தால் ஆறு பைட். அந்த ஆறையும் மறுமுனையில் ஜிபிகே என்று படித்தால் 'குன் ஜின் காவ்' என்ற பொருளற்ற மூன்று சீன எழுத்துகள் கிடைக்கும். சீனத்துக் கணினிக்காரர்களிடையே இது பழம்பெரும் நகைச்சுவை. இந்த மூன்றெழுத்து கண்ணில் பட்டால் எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. கையால் திருத்துகிறவர் ஒருமுறை மறந்தால் தொடர்ந்து வரும் மடல்கள் எல்லாவற்றிலும் அது ஒட்டிக்கொண்டே வரும்.

விதி எழுதும் வழியில் இந்த மறதிக்கே இடமில்லை. மட்டின் அமைப்புக் கோப்பில், 'ஜிபி2312 என்று முத்திரை வந்தால் ஜிபி18030 என்று கொள்' என ஒரு வரி எழுதிவிட்டால் போதும். முத்திரை என்பது அஞ்சல் தன் குறியாக்கம் இன்னது என்று தானே சொல்லும் குறிப்பு. இந்த வரி ஏன் தேவை? ஜிபி2312 சீன அரசு 1980இல் வகுத்த தரம். அதில் இருப்பவை 6,763 சீன எழுத்துகள். 1998 முதல் 2003 வரை பிரதமராக இருந்த சூ ரோங்ஜியின் பெயரில் வரும் 'ரோங்' கூட அதில் கிடையாது. பின்னால் வந்த ஜிபிகேயும் அதையும் உள்ளடக்கிய ஜிபி18030உம் அந்தக் குறையைத் தீர்த்தன. ஆனால் விண்டோஸ் வழக்கத்தில் ஜிபிகேயை ஒட்டிய 936ஆம் குறியீட்டுப் பக்கத்துக்கும் (விண்டோஸின் குறியாக்க அட்டவணை) அஞ்சல் முத்திரை ஜிபி2312 என்றே நிலைத்துவிட்டது. முத்திரையை அப்படியே நம்பும் நிரலில் வரி முழுதும் சரியாக இருக்க, ஆட்பெயரின் நடு எழுத்து மட்டும் காணாமல் போகும்.

கொரிய மொழியிலும் இதே கதை. பழைய தரத்தில் 2,350 அசைகள்; இன்றைய கொரியத்தில் எழுதக்கூடியவையோ 11,172. தாய்லாந்தின் டோம் யாம் சூப்பைக் கொரியத்தில் எழுதும்போது வரும் முதல் அசையே அந்த 2,350இல் இல்லை. பழைய தரத்தின் பெயரில் வரும் முத்திரையை, அதன் விரிவான சிபி949 என்று கொள்ளச் சொன்னால் எல்லா அசைகளும் வந்துவிடும். முத்திரையே இல்லாமல் வரும் அஞ்சலுக்கு 'இன்னது என்று கருது' என்னும் தனி அமைப்பு உண்டு. தலைப்பு வரிகளுக்கு அதில் பல குறியாக்கங்களை வரிசையாகத் தரலாம். உடலுக்கு முதலாவது மட்டுமே செல்லும். எங்களுக்கு முத்திரையின்றி வருபவை பெரும்பாலும் கொரியாவிலிருந்து என்பதால் கொரியத்தை முதலில் வைத்திருக்கிறேன்.

இவை எல்லாம் படிக்கும் நேரத்தில் மட்டும் நடக்கின்றன. சேவையகத்தில் உள்ள மூலத்தில் ஒரு பைட் கூட மாறுவதில்லை. பதிலில் மேற்கோளாகப் போவதும் சரியாக அவிழ்க்கப்பட்ட எழுத்து, போவது யூடிஎஃப்-8இல். தேடுவதற்கு முன் அஞ்சலை அவிழ்த்துக்கொள்ளும் அமைப்பையும் இயக்கிவிட்டால், பழைய ஆண்டுகளின் மடல்களில்கூட ஜப்பானியப் பாகப் பெயர் அகப்படும்.

ஜப்பானியத்தில்தான் என் வழிக்கும் சறுக்கல். 1993இல் ஆவணமான ஐஎஸ்ஓ-2022-ஜேபி ஏழு பிட்டில் ஓடும் குறியாக்கம். 'இங்கிருந்து ஜப்பானிய எழுத்து, இங்கே முடிந்தது' என்று கண்ணுக்குத் தெரியாத எஸ்கேப் குறிகளால் எல்லை கட்டும். வட்டத்துக்குள் எண் போடும் குறி அந்தத் தரத்தில் இல்லை. ஆனாலும் பட்டியல் போடும் ஜப்பானியர் அதைத்தான் விரும்பி எழுதுவார்கள். பழைய மேகிண்டாஷில் அந்த 1, 2, 3 என்பவை அடைப்புக்குறிக்குள் ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று தெரிந்ததை ஜப்பானில் வேலை பார்த்தவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். விதி எழுதி இதைச் சரிசெய்யலாம். ஆனால் கணினியில் உள்ள குறியாக்க மாற்று நூலகத்துக்கு அந்த விரிவாக்கம் தெரிந்திருக்க வேண்டும், எல்லா நூலகங்களுக்கும் தெரிவதில்லை. வழியில் எஸ்கேப் குறி உதிர்ந்து, டாலர் குறியும் ரோமன் எழுத்துகளுமாக வந்து நிற்கும் மடலுக்கு விதி உதவாது. அதற்கு என்கேஎஃப் என்ற ஜப்பானியக் கருவியில் தனி விசையே இருக்கிறது. தைவானின் பிக்5 குறியாக்கத்தில் அஞ்சல் எனக்கு மிகக் குறைவாகவே வருகிறது. வந்தவை சரியாகத் தெரிந்தன என்பதற்கு மேல் அதைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

அனுப்புகிறவரையே யூடிஎஃப்-8க்கு மாறச் சொல்வதுதான் முறையான தீர்வு என்பார்கள். சரிதான். விற்பவர் நாமாக இருந்து வாங்குபவர் அவராக இருந்தால் அதை எந்த வாயால் சொல்வது?

மட் எல்லாருக்கும் ஏற்றது என்று சொல்லவில்லை. சுட்டியே இல்லாமல் விசைப்பலகையில் காலம் தள்ள வேண்டும். வண்ண அட்டவணையும் படமுமாக வரும் விலைப்புள்ளி அதில் வெறும் வரிகளாகத்தான் தெரியும். அதற்காகவே, அஞ்சலைச் சேவையகத்திலேயே வைத்துப் படிக்கும் அதே ஐமேப் கணக்கில் தண்டர்பேர்டையும் வைத்திருக்கிறேன். அட்டவணை பார்க்க அது, படித்துப் பதில் எழுத இது. மாதத்துக்கு நாலைந்து கிழக்காசிய மடல் மட்டுமே வருகிறவர் எழுத்துருவை நிறுவிக்கொண்டு, தண்டர்பேர்டிலேயே இருந்துவிடலாம். 'பதிலளி' அழுத்துமுன் மேற்கோளை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.