அம்மாவுக்கு ஆள் வைத்தோம்: சேலத்தில் ஒரு செலவுக் கணக்கு

நியூஜெர்சியில் இருக்கிற பிள்ளை என்றால் சேலத்துச் சொந்தக்காரர்கள் ஒன்றை உறுதியாக நம்புகிறார்கள்: அங்கே வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள கவர்ன்மென்ட்டே ஆள் அனுப்பும். அங்கே இருக்கும் நம்மவர்களுக்கும் ஒரு நம்பிக்கை உண்டு: ஊரில் ஆள் வைப்பது சல்லிசு. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து அஸ்தம்பட்டி வீட்டுக்குக் கூட்டி வந்த இந்தப் பயணத்தில் இரண்டுமே பொய்யாகிப் போயின.

முதலில் அமெரிக்கக் கதையை முடித்துவிடுகிறேன். 65 வயது தாண்டியவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், டாக்டர் எழுதிக் கொடுத்தால், வீட்டைவிட்டு வெளியே போக முடியாதவர்களுக்கு நர்ஸையும் பிசியோதெரபிஸ்ட்டையும் வீட்டுக்கு அனுப்பும். அதுவும் அவ்வப்போது வந்து போகிற அளவுக்குத்தான். குளிப்பாட்ட, சோறு ஊட்ட, ராத்திரி துணைக்கு இருக்க மட்டும் ஆள் வேண்டுமென்றால் மெடிகேர் காசு தராது. வருமானமும் சொத்தும் குறைவாக இருந்தால் மெடிகெய்டு என்ற இன்னொரு அரசுத் திட்டம் உதவும். அதன் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மற்றவர்களுக்குக் கைக்காசுதான். இதைச் சொன்னால் சித்தி நம்பவே இல்லை. "அப்போ எதுக்குப்பா அங்க போய் உக்காந்திருக்கீங்க?" என்றார்.

சித்தப்பா காப்பீட்டு கார்டைப் பிடித்துக்கொண்டார். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் நல்ல திட்டம், மறுக்கவில்லை. ஆனால் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பங்களுக்கானது அது. கொடுப்பதும் ஆஸ்பத்திரி சிகிச்சைக்கு. தனியார் பாலிசியிலும் இதே இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டிஸ்சார்ஜுக்குப் பிறகு 60 நாள், 90 நாள் செலவு தருவோம் என்று போட்டிருப்பது அந்த நோய்க்கான மருந்து, டெஸ்ட், டாக்டர் ஃபீஸுக்கு. அட்டெண்டர் சம்பள ரசீதை வைத்தால் தள்ளிவிடுவார்கள். 'வீட்டிலேயே சிகிச்சை' என்ற பிரிவும், ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய அளவு நோய் இருந்தும் சேர்க்க முடியாத நிலையில் வீட்டில் நடக்கும் வைத்தியத்துக்குத்தான். நோயைக் குணப்படுத்த யாராவது காசு தருவார்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்ள நாம்தான் தர வேண்டும். சேலத்திலும் சரி, நியூஜெர்சியிலும் சரி.

அப்புறம், அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒரு அட்டெண்டர் அக்காவை அனுப்பிய ஏஜென்சி. பெயர் வேண்டாம். மாதம் 24,000, பதிவுக் கட்டணம் தனி, சாப்பாடும் தங்க இடமும் நம் பொறுப்பு, ஒரு மாதப் பணம் முன்கூட்டியே. "ட்வென்டி ஃபோர் அவர்ஸ் இருப்பாங்க சார்" என்றார் மேனேஜர். இருப்பார், உண்மை. ஆனால் அந்த ஒரே அக்காவும் தூங்க வேண்டாமா? படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு தடவை அம்மாவைப் புரட்டிப் போட வேண்டும். பகலில் அதைச் செய்துவிட்டு இரவு முழுக்கவும் செய் என்றால் எந்த மனுஷியால் முடியும்? இரவுக்கு நானும் தம்பியும் முறை போட்டுக்கொண்டோம். நான் கிளம்பிய பிறகு இரவுக்குத் தனி ஆள் என்று கேட்டபோதுதான் 24,000 என்பது பாதிக் கணக்கு என்று தம்பிக்கு உறைத்தது. அந்த 24,000-இலும் அக்கா கைக்குப் போவது 16,000. இடையில் ஆள் நின்றுவிட்டால் வேறு ஆள் தருவார்களாம், பணம் திரும்பாதாம். இதெல்லாம் ஒப்பந்தத் தாளின் பின்பக்கத்தில், பொடி எழுத்தில்.

அக்கா ஏற்காட்டுப் பக்கத்து மலைக்கிராமத்துக்காரர். வந்த அன்றே கடையில் ஒரு 40 பக்க நோட்டு வாங்கச் சொன்னார். "10.40 ராகிக் கஞ்சி அரை டம்ளர். 11.15 வலப்பக்கம் திருப்பினேன். மூத்திரம் மஞ்சளா இருக்கு" என்று குண்டு குண்டான எழுத்தில் வரிசையாக எழுதுவார். பிசியோதெரபிஸ்ட் வந்ததும் முதலில் அந்த நோட்டைத்தான் கேட்டார். அம்மா புரண்டு படுக்கும்போது முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைக்க எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அக்காதான்.

ஆனால் ஊசி போடச் சொன்னால் போட மாட்டார், போடவும் கூடாது. சிறுநீர்க்குழாய் மாற்றுவதும் அப்படித்தான். அதற்குப் படித்த நர்ஸ் வேண்டும். ஏஎன்எம்மா (துணை நர்ஸ் படிப்பு), ஜிஎன்எம்மா (பொது நர்ஸ் படிப்பு) என்று கேட்டு, தமிழ்நாடு நர்ஸ் கவுன்சில் பதிவு எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளைக் கோட்டு மாட்டி அனுப்பிவிட்டு நர்ஸ் சம்பளம் கேட்கிற ஆட்களும் இருக்கிறார்கள்.

இலவசமாகக் கிடைப்பதை நம் ஆட்கள் கௌரவம் பார்த்துக் கேட்பதில்லை, அதுதான் எனக்கு எரிச்சல். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் மாத்திரையோடு பிசியோதெரபியும் வீட்டுக்கு வருகிறது. முற்றிய நோயாளிகளுக்கு வலி தணிக்கும் சிகிச்சையும் உண்டு. எதிர்வீட்டுக்கு மாத்திரை கொண்டு வந்த பெண்ணிடம் சொல்லித்தான் அம்மா பெயரைப் பதிந்தோம். எங்களுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் அப்படி வந்தவர்தான். தினமும் வரமாட்டார், நாள் முழுக்க உட்காரவும் மாட்டார். வந்து போவதே பெரிய உதவி.

பணம் கட்டுவது இப்போது சுலபம். வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்திய பேங்கில் வைத்துக்கொள்ளும் என்ஆர்ஓ கணக்கு எனக்கு உண்டு; அதில் அமெரிக்க நம்பரை வைத்தே யுபிஐ வேலை செய்கிறது. முதல் தேதி ஏஜென்சிக்கு, ஐந்தாம் தேதி இரவு ஆளுக்கு. பொங்கலுக்கு நாலு நாள் ஊருக்குப் போக வேண்டும் என்று அக்கா இப்போதே சொல்லிவிட்டார். அந்த வாரம் மாற்று ஆள் கிடைப்பது கஷ்டம் என்கிறார் மேனேஜர். சித்தி மகன் லீவு போடுவதாகச் சொல்லியிருக்கிறான், பார்ப்போம்.