கௌச் டு 5கே: ஓடிப் பழகாதவர்களுக்கான செயலி

பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ் இலவசமாகத் தரும் செயலி இது. சோபாவிலிருந்து 5 கிலோமீட்டர் ஓட்டம் வரை என்பதுதான் பெயரின் அர்த்தம். ஒன்பது வாரத் திட்டம், எனக்குப் பத்து வாரம் ஆனது. முன்பு காசு கட்டி வைத்திருந்த வேறொரு செயலி முதல் நாளே 10,000 காலடி நடக்கச் சொல்லி, நடக்காவிட்டால் ராத்திரி பத்து மணிக்கும் மணியடித்துக்கொண்டே இருந்தது, இரண்டே வாரத்தில் நீக்கிவிட்டேன்.

இதில் வாரத்துக்கு மூன்று ஓட்டம், நடுவில் ஒருநாள் ஓய்வு, அவ்வளவுதான். முதல் வாரம் ஐந்து நிமிட வேகநடை, அப்புறம் 60 வினாடி ஓட்டம், 90 வினாடி நடை என்று மாறி மாறி. எப்போது ஓட, எப்போது நடக்க என்று காதில் ஒரு குரல் சொல்லிக்கொண்டே வரும், யார் குரல் என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம்.

ஐந்தாவது வாரம்தான் கண்டம். இரண்டாவது ஓட்டத்தில் எட்டு எட்டு நிமிடமாக இரண்டு முறை, அடுத்ததே ஒரேயடியாக 20 நிமிடம், நடுவில் நடையே கிடையாது. பக்கத்துப் பூங்காவைச் சுற்றி அதை முடித்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, கண்ணில் நீர் வந்துவிட்டது. முடியவில்லையா, அந்த வாரத்தையே திரும்ப ஓடலாம், நான் நான்காவது வாரத்தை அப்படித்தான் ஓடினேன். கடைசி வாரம் 30 நிமிடம் நிற்காமல். அதில் எனக்கு நாலு கிலோமீட்டர்தான் வந்தது, சரி, பரவாயில்லை. மூட்டுவலி, இதயத் தொந்தரவு உள்ளவர்கள் மட்டும் முதலில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.