துவரைக்கு டிரம்மா, மூன்றடுக்குப் பையா?

வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு ஊர்ப் பக்கம் மானாவாரியில் விளைந்த துவரையை அடுத்த ஆடிப்பட்டம் வரை வண்டு விழாமல் காக்க, ரப்பர் வளையம் பொருத்திய மூடியுள்ள தகர டிரம், உள்ளே இரண்டு பிளாஸ்டிக் உறைகளும் வெளியே சாக்கும் கொண்ட மூன்றடுக்குப் பை ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. நான் பையை வாங்கினேன்.

டிரம்மை எலி கடிக்காது, பல்லாண்டு உழைக்கும், பழைய இரும்புக்குப் போட்டாலும் காசு வரும். பையை எலி கடித்தால் அதோடு சரி.

ஆயினும் என் முடிவுக்குக் காரணம், துவரைக்கு மேலே நிற்கும் காற்றுதான். காற்றுப்புகாச் சேமிப்பில் மருந்துக்கு வேலையில்லை. உள்ளே அகப்பட்ட வண்டும் புழுவும் மூச்சுவிட்டே ஆக்சிஜனைக் குறைத்து, அது சில சதவீதத்துக்கு இறங்கியதும் தின்பதையும் பெருகுவதையும் நிறுத்துகின்றன. 200 லிட்டர் டிரம் பாதி காலியாக இருந்தால், மேலேயுள்ள 100 லிட்டர் காற்றில் ஏறத்தாழ 21 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். அது தீர்வதற்குள் விதையின் மேல் வெள்ளைப் புள்ளிகளாகப் புது முட்டைகள் ஒட்டிவிடக்கூடும். பையிலோ துவரை எவ்வளவு இருக்கிறதோ அந்த மட்டத்துக்குக் கழுத்தைத் தாழ்த்தி, காற்றை அமுக்கி வெளியேற்றி, ஒவ்வோர் உறையையும் தனித்தனியே முறுக்கி மடித்துக் கட்டிவிடலாம். டிரம்மின் ரப்பர் வளையம் வேலூர்க் கத்திரி வெயிலில் நாளடைவில் விறைத்துப்போகும்; அதன்மேல் ஒரு நொய் ஒட்டியிருந்தாலும் மூடி சரியாகப் படியாது. குதிரின் வாயில் களிமண்ணும் சாணமும் குழைத்துப் பூசிய நம் முன்னோர் நாடியதும் இந்த அடைப்பைத்தான், ஆனால் மண்பூச்சு காய்ந்தால் வெடிக்கும்.

1980-களின் பிற்பகுதியில் கேமரூனில் காராமணியைக் காக்க அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய முறைதான் இந்த மூன்றடுக்குப் பை என்பதால், துவரைக்கும் பொருந்துவதில் வியப்பில்லை.

எதில் வைத்தாலும் விதை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் கொஞ்சம் துவரையையும் காய்ந்த உப்பையும் போட்டுக் குலுக்கி, சற்று வைத்துப் பார்க்கையில் உப்பு புட்டியின் சுவரில் ஒட்டினால், இன்னும் வெயில் தேவை. ஈரத்தோடு கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும்.

மணிலாக்கொட்டையை நான் பையில் கட்டிப் பார்த்ததில்லை. ஓட்டின் கூர்முனை உள்ளுறையைக் குத்துமோ என்ற தயக்கம் இருக்கிறது. அடிக்கடி அள்ளும் சமையல் துவரைக்கும் பையால் பெரிய பயனில்லை, அவிழ்க்கும்போதெல்லாம் புதுக்காற்று புகுந்துவிடும். எலித்தொல்லை மிகுந்த வீட்டில் கட்டிய பையையே டிரம்முக்குள் இறக்கிவிடலாம். அப்போது பழைய டிரம்மே போதும், ரப்பர் வளையத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.