30 வாட் ஸ்டிக்கர், உள்ளே 60 வாட் பம்ப்: சம்ப் தொட்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

சம்ப் (மீன் தொட்டிக்குக் கீழே வைக்கும் வடிகட்டும் தொட்டி) வைத்த மீன் தொட்டிக்கு ரிட்டர்ன் பம்ப், அதாவது சம்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் பம்ப், வாங்கப் போகிறீர்கள் என்றால், பெட்டியில் போட்டிருக்கும் வாட்டையும் லிட்டரையும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். கடையிலேயே ஓடவிட்டு, வாட் மீட்டரில் காட்டச் சொல்லி, அந்த எண்ணைப் பில்லில் எழுதித் தந்தால் மட்டும் வாங்குங்கள். கடையின் பெயரை இங்கே போடவில்லை. புகார் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அதோடு, அதே ஸ்டிக்கர் ஒட்டிய அதே பம்ப்பை வேறு இரண்டு மூன்று இடங்களிலும் பார்த்துவிட்டேன், எனவே இது ஒரு கடையோடு முடிகிற விஷயம் இல்லை.

என் தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கணக்குக்கு 255 லிட்டர், மணல், கல் எல்லாம் போக 220 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஹாலில் வைத்திருக்கிறேன், அம்மா படுப்பதும் ஹாலில்தான், அவருக்கு ஏற்கெனவே தூக்கம் குறைவு. அதனால் பழைய பம்ப் இரைய ஆரம்பித்ததும் எனக்கு இரண்டே தேவைகள்: சத்தம் இருக்கக் கூடாது, கரண்ட் குறைவாக இழுக்க வேண்டும். நன்னீர்த் தொட்டிக்கு மணிக்கு நான்கு ஐந்து தடவை தண்ணீர் சுற்றினால் போதும், அதாவது மேலே வந்து விழும் இடத்தில் மணிக்கு 1000 லிட்டர். சம்பின் நீர்மட்டத்திலிருந்து தொட்டி விளிம்பு வரை 1.2 மீட்டர் ஏற்றம். இதை எல்லாம் அளந்து எழுதிக்கொண்டுதான் மீன், தொட்டிக் கடைகள் நிறைந்த குளத்தூர் பக்கம் போனேன். சென்னையில் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு அந்த இடத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

கடைக்காரர் எடுத்துக் காட்டியது "இன்வெர்ட்டர் டைப்" பம்ப். ஸ்டிக்கரில் 30 வாட், மணிக்கு 5000 லிட்டர், 3.5 மீட்டர் ஹெட் (அதிகபட்சம் தண்ணீர் ஏறும் உயரம்). விலை 3800 ரூபாய். டிசி பம்ப் (மோட்டாரின் வேகத்தையே கூட்டிக் குறைக்க முடிகிற வகை) என்றால் தனியாக அடாப்டரும் வேகத்தை மாற்றும் கன்ட்ரோலரும் வருமே, இதில் ஒயர் நேராகப் பிளக்கில் போகிறதே என்று கேட்டேன். "போர்டு பாடிக்குள்ளயே இருக்கு சார், புது மாடல், ஸ்பீடு கூட கொறைக்கலாம்" என்று பம்ப்பின் முகப்பில் இருந்த ஒரு திருகைக் காட்டினார். அன்று வாங்காமல் வீட்டுக்கு வந்து, வாட்ஸ்அப்பில் மறுபடியும் கேட்டேன்: 30 வாட் உறுதிதானே அண்ணா, டிசி மோட்டார்தானே? "ஆமா சார், 30 வாட்தான், டிசிதான், சத்தமே வராது" என்று பதில் வந்தது. அந்தப் பதிலுக்குப் பிறகுதான் வாங்கினேன். கேட்டதற்குக் கேட்டபடி எழுத்தில் ஒரு பொய் சொன்னார்கள், இதில் எனக்கு மிகவும் கோபம் வரவைத்தது அதுதான்.

மாட்டிய அன்று இரவே 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். அடியில் ஸ்பாஞ்ச் வைத்தேன், பிவிசி பைப்புக்கு நடுவில் ஒரு துண்டு சிலிக்கான் ஹோஸ் போட்டேன், பம்ப் சம்பின் கண்ணாடியைத் தொடாமல் நகர்த்தினேன். இவை எல்லாம் அதிர்வு மரச்சட்டத்துக்குப் போவதைத் தடுக்கும், நல்ல பம்ப்பாக இருந்தால் இதோடு சத்தம் அடங்கியிருக்கும். இது அடங்கவில்லை. போன் செய்தால் "ஒரு வாரம் ஓடட்டும் சார், செட் ஆயிடும்" என்றார். புது பம்ப்பில் உள்ளே சிக்கிய காற்றுக்குமிழி வெளியேறும் வரை கொஞ்சம் கரகரப்பு இருக்கும், அது உண்மை. ஆனால் ஒரே சுருதியில் நிற்கிற இரைச்சல் குமிழியால் வருவதில்லை. நம் வீட்டுக்கு வருவது ஏசி, அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம், 50 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 50 அலை), அதில் ஓடுகிற சாதாரண காந்த மோட்டார் 100 ஹெர்ட்ஸில் அதிரும், அந்த இரைச்சல் எத்தனை வாரம் ஆனாலும் போகாது.

அப்புறம் பிளக்கில் மாட்டுகிற வாட் மீட்டரை வைத்துப் பார்த்தேன். 58 வாட். 30 என்று ஒட்டிய பம்ப் 58 இழுக்கிறது. முகப்பில் இருந்த திருகை முழுக்கக் குறைத்துப் பார்த்தேன், தண்ணீர் பாதிக்கும் கீழே போனது, மீட்டரில் சில வாட்தான் குறைந்தது. காரணம் எளிது: அது வேகத்தைக் குறைக்கும் திருகு இல்லை, தண்ணீர் உள்ளே போகும் வழியை அடைக்கிற ஒரு பிளாஸ்டிக் தகடு. மோட்டார் நிமிடத்துக்கு அதே 3000 சுற்றில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. உண்மையான டிசி பம்ப்பில் வேகத்தையே குறைக்கும்போது கரண்ட் எவ்வளவு இறங்கும் என்றால், ஏற்றம் இல்லாமல் ஓடும்போது வேகம் பாதியானால் தண்ணீர் பாதியாகும், பம்ப்புக்கு வேண்டிய சக்தி ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகும். (கன்ட்ரோலர் தின்னும் சில வாட்டைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.) டிசிக்குக் கூடுதல் விலை கொடுப்பதே இந்த ஒரு காரணத்துக்காகத்தான், அந்தக் காரணமே இந்தப் பம்ப்பில் இல்லை.

தண்ணீரையும் அளந்தேன். ரிட்டர்ன் குழாயைத் தொட்டி விளிம்பு உயரத்திலேயே பிடித்து 20 லிட்டர் வாளியில் விட்டால் நிரம்ப 50 வினாடி ஆனது, அதாவது மணிக்கு 1440 லிட்டர். பெட்டியில் போடுகிற லிட்டர் ஏற்றமே இல்லாமல் ஓடும்போது வருவது, ஹெட் என்பது தண்ணீர் வருவது அடியோடு நிற்கிற உயரம், இது எல்லாப் பம்ப்புக்கும் பொதுவான கணக்கு, அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் 3.5 மீட்டர் ஹெட் உள்ள 5000 லிட்டர் பம்ப் 1.2 மீட்டர் ஏற்றத்தில் 3000 லிட்டராவது தர வேண்டும். என் குழாயில் இரண்டே எல்போ, பம்ப் வாயின் அளவிலேயே 25 மில்லிமீட்டர் பைப். குழாய் மேல் பழி போட முடியாது. (இந்த இடத்தில் பலர் 16 மில்லிமீட்டர் ஹோஸை மாட்டிவிட்டுப் பம்ப்பைத் திட்டுவார்கள். அதே அளவு தண்ணீர் போகும்போது உள்விட்டம் பாதியானால் உரசல் இழப்பு ஏறத்தாழ 32 மடங்காகும், அதனால் முதலில் குழாயைச் சரிபார்த்துவிடுங்கள்.)

உறுதி செய்துகொள்ள இம்பெல்லரை (தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரம்) வெளியே எடுத்தேன். பிளேடுகள் எல்லாம் நேராக, வளைவே இல்லாமல். சாதாரண ஏசி காந்த மோட்டார் ஸ்விட்ச் போடும்போது எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சுற்றத் தொடங்கும், அதனால் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக நேர் பிளேடு வைப்பார்கள். டிசி மோட்டார் எப்போதும் ஒரே திசையில் சுற்றுவதால் பெரும்பாலும் வளைந்த பிளேடு இருக்கும். ஸ்விட்ச் போடும்போதெல்லாம் 'கட கட' என்று முன்னும் பின்னும் ஆடிவிட்டுத்தான் இது கிளம்பியது, அதற்கும் இதுதான் காரணம். மிச்சம் இருந்த சந்தேகத்தை ஸ்டிக்கரே தீர்த்துவைத்தது. தண்ணீரில் ஊறி ஒரு மூலை கிளம்பியிருந்தது, உரித்தால் அடியில் இன்னொரு ஸ்டிக்கர். அதில் 60 வாட், 50 ஹெர்ட்ஸ். அந்தப் பம்ப்பைச் செய்தவன் சரியாகத்தான் போட்டிருக்கிறான், அதன் மேல் யாரோ 30 என்று ஒட்டியிருக்கிறார்கள்.

போட்டோ, வீடியோ எல்லாம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் முதல் பதில், "உங்க மீட்டர் தப்பு சார்." அடுத்த பதில்தான் நிறையப் பேரைக் குழப்பும், அதனால் சொல்கிறேன். "வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்குனா அதிகமாத்தான் காட்டும் சார், அது வாட் இல்ல" என்றார். பேச்சு உண்மைதான். இந்த மாதிரி மோட்டாரில் பவர் ஃபேக்டர் (பெருக்கி வரும் எண்ணில் நிஜ வாட்டின் பங்கு) குறைவு, வெறுமனே பெருக்கினால் நிஜ வாட்டை விட நிறைய வரும், நம் வீட்டு மீட்டர் நிஜ வாட்டுக்குத்தான் பில் போடும். ஆனால் என் மீட்டர் பவர் ஃபேக்டரையும் கணக்கில் எடுத்து நிஜ வாட்டைத்தான் காட்டுகிறது. அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

சரி, என் மீட்டரே வேண்டாம் என்று மின்வாரிய மீட்டரிலேயே பார்த்துவிட்டேன். இதற்குக் காசு செலவே இல்லை, யார் வேண்டுமானாலும் செய்யலாம். எலக்ட்ரானிக் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னும், பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று போட்டிருக்கும். என் வீட்டில் 3200. ஃபிரிட்ஜ், ரூட்டர், சார்ஜர் என்று எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பம்ப்பை மட்டும் பத்து நிமிடம் ஓடவிட்டு எண்ண வேண்டும். 30 வாட் என்றால் 16 தடவை மின்னும், 60 வாட் என்றால் 32. எனக்கு 31 வந்தது. முழுவதையும் வீடியோ எடுத்து அனுப்பினேன், நீல டிக் வந்தது, பதில் வரவில்லை.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு: ரிட்டர்ன் பம்ப் வீட்டில் ஒரு நிமிடம் கூட நிறுத்தாமல் ஓடுகிற பொருள். 58 வாட் என்றால் 60 நாளில் 83 யூனிட்டுக்கு மேல். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அதில் பெரும்பகுதியை இந்த ஒரு பம்ப்பே தின்றுவிடும். 500 யூனிட் ஓரத்தில் இருக்கிற வீடு என்றால் அதைத் தாண்டவைத்துக் கட்டண விகிதத்தையே மாற்றிவிடும். அந்த 58 வாட்டும் தண்ணீருக்குள்ளேயே மூழ்கிக் கிடப்பதால் கடைசியில் சூடாகத் தொட்டியில்தான் சேர்கிறது, சென்னை மே மாதத்தில் மீனுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தொட்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, மீன்கள் மேலே வந்து வாய் திறந்து மூச்சு வாங்கும்.

திரும்பவும் நேரில் போனபோது பில்லைக் காட்டினார்: "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது." இந்த வரியைப் பார்த்தவுடன் நம்மில் பலர் திரும்பி வந்துவிடுகிறோம். வர வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47), குறைபாடுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படி எதுவும் குறிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பில் தராமல் இருப்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதில் புகார் பதிந்து எண் வாங்கிவிட்டேன். அவர்கள் கடைக்குத் தகவல் அனுப்பிப் பேசிப் பார்ப்பார்கள், தண்டிக்கிற அதிகாரம் அவர்களுக்கு இல்லை, அதனால் அதோடு நிற்காமல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயார் செய்துகொண்டிருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இணையத்திலும் போடலாம். 3800 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்று வீட்டிலும் கேட்டார்கள். முதல் தொட்டி வைக்கிற ஒரு பையன் சேர்த்து வைத்த காசில் இதே பம்ப்பை வாங்கிப் போவான், அவனிடம் வாட் மீட்டரும் இருக்காது, அதை நினைத்தால் விட மனம் வரவில்லை.

இப்போது ஓடுவது வேறு கடையில் வாங்கிய 24 வோல்ட் டிசி பம்ப். அடாப்டர் தனி, கன்ட்ரோலர் தனி. விலை ஏறத்தாழ இரண்டு மடங்கு. கடைக்காரர் ஓரமாக ஒரு வாளியில் போட்டு, என் மீட்டரையே மாட்டச் சொல்லி, ஒவ்வொரு வேகத்திலும் காட்டினார். தொட்டிக் கடைக்குள் நாற்பது ஏர் பம்ப் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கும், அந்த இரைச்சலில் எந்தப் பம்ப்பும் அமைதியாகத்தான் தெரியும், அதனால் பின்னறைக்கோ மாடிக்கோ எடுத்துப் போய்க் கேட்டுவிடுங்கள். வாளியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தால் அதிர்வு கையிலேயே தெரியும். வீட்டில் எனக்கு வேண்டிய 1000 லிட்டருக்கு இது இழுப்பது 14 வாட். பழைய 58 வாட்டோடு ஒப்பிட்டால் இரண்டு மாதத்துக்கு 63 யூனிட் மிச்சம். அம்மா படுக்கும் இடத்தில் பம்ப் சத்தம் கேட்கவில்லை, ஓவர்ஃப்ளோவில் (தொட்டியிலிருந்து சம்புக்குத் தண்ணீர் வழியும் இடம்) தண்ணீர் விழும் சத்தம்தான் லேசாகக் கேட்கிறது.

டிசி வாங்குபவர்கள் இம்பெல்லர், அடாப்டர், கன்ட்ரோலர் மூன்றும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள். கன்ட்ரோலர் போனால் வேறு கம்பெனியுடையது பெரும்பாலும் பொருந்தாது, ஒரு சின்னப் பெட்டிக்காக முழுப் பம்ப்பையும் தூக்கிப்போட வேண்டியிருக்கும். ஏசி பம்ப் கெட்டது என்று நான் சொல்லவில்லை, ஏசியிலும் நல்ல, அமைதியான பம்ப் இருக்கிறது, ஏசி என்று சொல்லி விற்றால் எந்தப் பிரச்சினையும் இல்லை. ஆனால் வீட்டில் பேட்டரி வைத்த இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் (வளைந்த அலைக்குப் பதில் சதுர அலையாக மின்சாரம் தருகிற) வகையாக இருந்தால் கரண்ட் போகும் நேரத்தில் ஏசி பம்ப் இன்னும் இரையும், சூடாகும். போர் தண்ணீர் ஊற்றுபவர்களுக்கு ஷாஃப்டில் (இம்பெல்லர் சுற்றும் தண்டு) வெள்ளையாக உப்புப் படியும், அதுவும் சத்தத்துக்கு ஒரு காரணம், சிட்ரிக் ஆசிட் கரைத்த தண்ணீரில் ஊறவைத்துக் கழுவினால் போய்விடும்.

ஸ்டிக்கரை உரித்த வீடியோவும் மீட்டர் வீடியோவும் என்னிடம் இருக்கின்றன. இதே மாதிரி அடாப்டர் இல்லாத "இன்வெர்ட்டர்" பம்ப் வாங்கியவர்கள் முதலில் ஸ்டிக்கரின் மூலையை நகத்தால் கிளப்பிப் பாருங்கள், பில்லைத் தூக்கிப் போடாதீர்கள், வாங்கி 30 நாள் ஆவதற்குள் கடைக்கு எழுத்தில் ஒரு புகார் அனுப்பிவிடுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஆணையத்தில் மனு போட்டதும் அதன் நகலைப் பெயர்களை மறைத்துவிட்டு இதே இடத்தில் போடுகிறேன், நீங்கள் மனு எழுதும்போது மாதிரியாக வைத்துக்கொள்ளலாம்.